ஆனியில் முக்கால் மணி நேரம், ஐப்பசியில் ஒரு பகல்

தலைக்குக் குளித்தால் காய எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது கேட்டால், எந்த மாசம், எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்பேன். முடியின் நீளம், அடர்த்தி எல்லாம் அதற்கு அப்புறம்தான். எனக்கு இடுப்புக்குக் கீழே நாலு விரற்கடை தொங்கும். ஆச்சி வழியில் வந்த அடர்த்தி. இதே தலை ஆனி மாதத்து மதியம் எங்கள் வீட்டுத் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) முக்கால் மணி நேரத்தில் காய்ந்திருக்கிறது. தீபாவளிக்கு விடியுமுன்னே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, சாயங்காலம் விளக்கேற்றும்போது பிடரிக்குள் கையை விட்டால் அப்போதும் சில்லென்று இருந்திருக்கிறது.

குடியிருப்பது திருநெல்வேலி டவுன், வேலை தென்காசியில். பொம்பளைகள் தலைக்குக் குளிக்க செவ்வாயும் வெள்ளியும் என்பதை அம்மா இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. செவ்வாயை நான் சத்தமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். வெள்ளியில் கை வைக்க முடியவில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை காலைப் பாசஞ்சரில் ஈரத்தலையோடுதான் ஏறுவேன். நான் மட்டுமில்லை. பேட்டையில் ஏறுகிற டீச்சரக்கா, சேரன்மகாதேவியில் ஏறுகிற நர்ஸ் பிள்ளைகள் என்று அன்றைக்கு அந்தப் பெட்டி முழுக்கச் சீயக்காயும் ஷாம்பும் கலந்து மணக்கும். எல்லோரும் முடியை விரித்துப் போட்டு, நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டிருப்போம்.

சன்னலோரம் உட்காருவதில் ஒரு முறை உண்டு. எஞ்சின் பக்கம் முகம் வைத்து உட்கார்ந்தால் முன்முடி மட்டும் காயும். முதுகுக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டிய பின்முடி அப்படியே கிடந்து ரவிக்கையையும் நனைத்துவிடும். எஞ்சினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முடி மொத்தத்தையும் ஒரு தோள் வழியாக முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் காற்று பிடரிக்குள் நுழைந்து வெளியே வரும். சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு இழை போகக் கூடாது, அது முக்கியம். வீரவநல்லூர் வரும்போது மேல்முடி காய்ந்திருக்கும். அம்பாசமுத்திரத்தில் விரலால் கோதினால் தடையில்லாமல் இறங்கும். கீழக்கடையம் ஸ்டேஷன் வந்ததும் டீச்சரக்கா பின்ன ஆரம்பித்துவிடுவாள். "எட்டி, பின்னிரு. பாவூர்சத்திரம் வந்தா மறுபடியும் நசநசன்னு ஆயிரும்" என்று எனக்கும் ஒரு அதட்டல்.

அவள் சொல்வது ஜூன், ஜூலை, ஆகஸ்டுக்கு அப்படியே பொருந்தும். பாவூர்சத்திரத்திலேயே வெயில் மங்கிவிடும். தென்காசியில் இறங்கினால் குற்றாலத்து மலை மேகத்துக்குள் இருக்கும். மேலே ஒரு துளி படாமல் குடைக்குள் நடந்து போனாலும், அம்பாசமுத்திரத்தில் காய்ந்த முடி ஆபீஸ் போய்ச் சேருவதற்குள் திரும்ப ஈரம் வாங்கி, காதோரம் சுருண்டு நிற்கும்.

இத்தனைக்கும் டவுனிலும் தென்காசியிலும் அன்றைக்கு அடிப்பது ஒரே மேகாத்து, அதாவது மேற்குக் காற்றுதான். அரபிக்கடலிலிருந்து வருகிற காற்று மலையேறும்போது குளிர்ந்து, கொண்டுவந்த ஈரத்தில் பெரும்பங்கைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. மிச்சத்தில் கொஞ்சம் செங்கோட்டைக் கணவாய் வழியாக நமக்குச் சாரலாக வருகிறது. அதற்குக் கிழக்கே, இறங்க இறங்கக் காற்று சூடேறி வறண்டுவிடும். சுரண்டை, ஆலங்குளம், கயத்தாறு பக்கம் நிற்கிற காற்றாலைகளெல்லாம் இந்த மாசங்களை நம்பி நட்டவை. என் தலையும் அவற்றோடு சேர்ந்த கட்சி.

கணக்காகச் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். 36 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 41, 42 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 40 சதவீதம் என்று போன் காட்டினால், கிட்டத்தட்ட 17 கிராம் ஏற்கெனவே அதில் இருக்கிறது, இன்னும் 25 கிராமுக்கு இடமிருக்கிறது என்று அர்த்தம். டவுனில் ஒரு ஆனி மதியம் அப்படித்தான். மலையடிவாரத்தில் சாரல் நாளில் 26 டிகிரி, 90 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று தாங்குவதே 24 கிராம் சொச்சம். மிச்சமிருக்கிற இடம் இரண்டரை கிராம். பத்தில் ஒரு பங்கு! இதில் எவ்வளவு நேரம் ஆகும் என்று என் முடியைக் கேட்டு என்ன பிரயோசனம்?

மாமியார் ஊர் திருச்செந்தூர். அங்கே வெயிலுக்குக் குறைவில்லை, காற்றுக்கும் குறைவில்லை, ஆனாலும் தலை காயாது. கடல்மேலிருந்து வருகிற கிழக்குக் காற்று, அங்கே கொண்டக்காத்து என்பார்கள், ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டுதான் வரும். கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றில் நன்றாக அலசாமல் வந்தால் இன்னும் மோசம். முடியில் ஒட்டின உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கடலுப்பில் இருக்கிற மெக்னீசியம் உப்புகளுக்கு அந்தக் குணம் அதிகம். "கொண்டக்காத்து அடிக்கும்போது இங்கன தலை காயுறதுக்குள்ள பொழுது அடைஞ்சிரும் தாயி, நீ சும்மா கொண்டையைப் போடு" என்பார் அத்தை. நான் போடுவதில்லை. ஈரத்தோடு கொண்டை போட்டால், அவிழ்க்கும்போது வருகிற வாடை எனக்கு ஆகாது.

காய்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். குளித்து முடித்ததும் முடியில் இருக்கிற தண்ணீரில் பெரும்பகுதி இழைகளுக்கு நடுவில்தான் நிற்கிறது. அதைத் துண்டு எடுத்துவிடும். மகள் கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஈரிழைத் துண்டை நிறுத்துப் பார்த்தேன். குளிக்கப் போகுமுன் 140 கிராம், தலையைச் சுற்றிக் கால் மணி நேரம் வைத்து எடுத்தபின் 290. துண்டை மாற்றிச் சுற்றினேன். ரெண்டாவது துண்டில் 40 கிராம் ஏறியிருந்தது. ஆக, காற்றை எதிர்பார்க்காமலேயே கிட்டத்தட்ட ரெண்டு டம்ளர் காப்பி அளவு தண்ணீர் போய்விட்டது. தடித்த பூத்துண்டைவிட எனக்கு இந்த நைந்த பருத்தித் துண்டுதான் ராசி. நாலு தடவை துவைத்த பிறகுதான் அது தண்ணீர் குடிக்கவே கற்றுக்கொள்ளும்.

இழைக்கு உள்ளே போன தண்ணீர்தான் நேரத்தைத் தின்கிறது. முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் தண்ணீரை உள்ளுக்குள் வாங்கிக்கொள்ளும். அப்போது அதன் தடிமன் 15 சதவீத அளவுக்குக் கூடும், நீளம் ஒன்றிரண்டு சதவீதம்தான் மாறும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் இந்த உள்ஈரம் மெள்ள மெள்ளத்தான் வெளியே வரும். அதற்குள் பின்னிவிட்டால், நாலாய் மடித்துக் காயப்போட்ட வேட்டியின் கதைதான். சாயங்காலம் பின்னலை அவிழ்த்தால் நடுவில் ஈரம் அப்படியே இருக்கும். ஊறின முடி இழுத்தால் நீளும், சீக்கிரம் அறுந்தும் போகும். ஆச்சி குனிந்து நின்று முடியை முன்னால் தள்ளி, துண்டை முறுக்கிச் சடார் சடாரென்று அடிப்பாள். வெயிலில் தண்ணீர் பொடிப்பொடியாகத் தெறிக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஆச்சியின் முடி இருந்தாலும் அந்தத் தைரியம் இல்லை. ஈரத்தில் சீப்பையும் தொடுவதில்லை, விரல்தான்.

தேங்காய் எண்ணெய் வைத்துக் குளிக்கிற நாளில் கொஞ்சம் சீக்கிரம் காய்வதாக எனக்குத் தோன்றும். தேங்காய் எண்ணெய் மற்ற பல எண்ணெய்களைப் போல மேலோடு நிற்காமல் முடிக்குள் இறங்குகிறது, முடி தண்ணீரில் ஊதுவதைக் குறைக்கிறது என்பது ஆராய்ச்சியில் கண்ட விஷயம். நல்லெண்ணெய் பற்றி அப்படித் துணிந்து சொல்ல மாட்டேன். அது உடம்புக்குக் குளிர்ச்சி என்று அம்மா சொல்வாள், சனிக்கிழமை வீட்டு ஆம்பளைகளுக்கு அதுதான்.

தீபாவளிக்கு வருகிறேன். ஐப்பசியில் காற்று திசை மாறி, வங்கக்கடல் பக்கமிருந்து மழை வரும். தட்டட்டியில் பாசி படியும், வீட்டுக்குள் கொடியில் போட்ட துணியே ரெண்டு நாள் கிடக்கும். அந்த மாசத்தில், அதுவும் விடிகாலை நாலரைக்கு, வீட்டில் இருக்கிற அத்தனை பொம்பளைகளும் ஒரே நேரத்தில் தலை நனைக்க வேண்டும் என்று வைத்தவர் யாரோ, அவருக்கு முடி இருந்திருக்காது. அம்மா தூபக்காலில் சிரட்டைக் கங்கு போட்டுச் சாம்பிராணி தூவி, பட்டாசலில் (கூடத்தில்) பாயை விரித்து எங்களை வரிசையாகப் படுக்க வைப்பாள். முடியைப் பனையோலைக் கூடைமேல் பரத்தி, கூடைக்குக் கீழே தூபக்கால். ஈரத்தை எடுப்பது புகை இல்லை, கங்கின் அனல்தான். ஆனால் வாசம் மூணு நாள் நிற்கும், தலையணை வரைக்கும். வீட்டில் மூச்சிழுப்பு உள்ளவர்கள் யாரும் இருந்தால் மட்டும் இதை விட்டுவிடுவது நல்லது.

சாம்பிராணிக்கு நேரமில்லாத வெள்ளிக்கிழமைகளில் மின்விசிறி. அதற்கு நேர் கீழே உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் பிடரிக்கும் காற்று கிடைக்கும். முடியை ஒட்டி நிற்கிற காற்று சீக்கிரமே ஈரத்தால் நிறைந்துவிடும். அதைத் தள்ளிவிட்டுப் புதுக்காற்றைக் கொண்டுவருவதுதான் விசிறியின் வேலை. மழை நாளில் அந்தப் புதுக்காற்றும் ஈரம் என்பதால், ஒரு மணி நேரம் என்பது மூணு மணி நேரமாகும்.

"ஈரத்தலையோட படுக்காதட்டி, நீர் கோத்துக்கிடும்" என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. சளி பிடிப்பது வைரஸால்தான், ஈரத்தால் இல்லை. ஆனால் தலை கனக்கிற அந்தச் சில்லிப்பு பொய்யில்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும், அதில் ஒரு பங்கை நம் தலையிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறது. எனக்கு ஏசி அறையில் ஈரத்தலையோடு உட்கார்ந்தால் நெற்றிப்பொட்டு ரெண்டும் வலிக்கும். ஆகவே இந்த விஷயத்தில் அம்மாவோடு தர்க்கம் பண்ணுவதில்லை.

மகளுக்குக் கழுத்தோடு வெட்டின முடி. துவட்டின இருபது நிமிஷத்தில் காய்ந்துவிடும், இருந்தும் டிரையர் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினாள். நூறு கிராம் தண்ணீரை ஆவியாக்க 240 கிலோ ஜூல் வேண்டும். ஆயிரம் வாட் டிரையரின் சூடு சிந்தாமல் சிதறாமல் முடிக்கே போனால் நாலு நிமிஷம், நிஜத்தில் அதைப்போல ரெண்டு மூணு மடங்கு. அவள் ஒரு நாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "இங்க பாரும்மா, தானா காயவிடுறதும் முடிக்கு நல்லதில்லையாம்" என்று காட்டினாள். 2011-இல் கொரியாவில் செய்த ஆராய்ச்சி. டிரையர் சூடு முடியின் மேற்பரப்பைக் கெடுக்கத்தான் செய்கிறது. ஆனால் 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் காட்டாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால், தானாகக் காயவிடுவதைவிடச் சேதம் குறைவு என்று முடிவு சொல்கிறார்கள். தானாகக் காய்ந்த முடியில் உள்ளே செல்களை ஒட்டிவைக்கிற பசை மாதிரிப் படலம் கெட்டிருந்ததாம். நெடுநேரம் ஊறிக் கிடந்ததுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள்.

அதைப் படித்தபின் மழை மாசங்களில் டிரையரை நானும் தொடுகிறேன், பிடரிக்கு மட்டும், இளஞ்சூட்டில். ஆனி, ஆடியில் தேவையில்லை. அந்த மேகாத்தில் முடி எங்கே நெடுநேரம் ஊறிக் கிடக்கப் போகிறது?

காய்ந்ததா என்று பார்க்க நுனியையோ உச்சியையோ தொட்டுப் பயனில்லை. காதுக்குப் பின்னால், பிடரிக்குழியில், புறங்கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரியாவிட்டால் பின்னலாம். பிச்சிப்பூ வைப்பது அதற்கப்புறம். ஈரமுடியில் வைத்த பிச்சி மதியத்துக்குள் பழுத்துக் கருத்துவிடும், பண்டிகைக்கு முந்தின நாள் ஒரு முழம் விற்கிற விலைக்கு அது கட்டுப்படியாகாது.