பொட்டு வைத்த மெஷின்

போன மாதம் ஸ்கூட்டியிலிருந்து பை நழுவி விழுந்ததில் என் திங்க்பேட் டி480 லேப்டாப்பின் ஸ்கிரீன் போய்விட்டது. கொக்கியில் சரியாக மாட்டாதது நான்தான், வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு வழக்கமாக ரிப்பேர் பார்க்கும் தம்பி, "அக்கா, டி480-க்கு ஸ்கிரீன் கெடைக்கும். ஆனா எத்தனை நாளைக்கு இதையே ஓட்டுவீங்க?" என்று கேட்டார். சரி, புதிதாகத்தான் ஒன்று பார்ப்போமே என்று தங்கை மகனையும் கூட்டிக்கொண்டு பாண்டிக்குப் பஸ் ஏறினேன்.

அவன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். மடியில் ஆப்பிள் மேக்புக். ரெட்டிச்சாவடி வருவதற்குள் ஆரம்பித்துவிட்டான். "பெரியம்மா, உள்ள இருக்கிற சிப்பு, ராம், எஸ்எஸ்டி எல்லாம் எந்தக் கம்பெனி லேப்டாப்லயும் ஒண்ணுதான். மேல ஒட்டுற பேர்தான் வேற. நீங்க ஏன் திங்க்பேட், திங்க்பேட்னு ஒத்தக் கால்ல நிக்கறீங்க?"

சட்டென்று பதில் வரவில்லை. முள்ளோடை தாண்டியதும் சாலையோரம் ஒரு போலீஸ்காரர் சிவப்புத் தொப்பியோடு நின்றிருந்தார். பிரெஞ்சுக்காரர்கள் 1954-இல் நிர்வாகத்தை விட்டுக் கிளம்பினார்கள், சட்டப்படி ஊரை ஒப்படைத்தது 1962-இல், ஊர்ப் பெயரே 2006-இல் புதுச்சேரி என்று மாறியது. தொப்பி மட்டும் அதே சிவப்பு. "அதோ பார்" என்றேன். "தொப்பி எல்லாம் ஒரு பிராண்டா பெரியம்மா?" என்று சிரித்தான். ஆக, அங்கே விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா திருப்பாதிரிப்புலியூரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். ரெமிங்டன், ஹால்டா, ஃபேசிட், கோத்ரெஜ் என்று பதினான்கு மெஷின்கள். எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். ஆனாலும் காலை ஆறு மணி பேட்ச்சில் மூன்றாம் நம்பர் மெஷினுக்குச் சண்டை நடக்கும். அது அழுத்தினால் இறங்கும், விட்டால் ஏறும், விரலோடு வாக்குவாதம் செய்யாது. ஏழாம் நம்பரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓங்கி அடிக்க வேண்டும். நான் தமிழ் டைப்பிங்கின் முதல் பாடமான 'யளனகபக' பழகியது மூன்றில்தான். முதலாளி மகள் என்ற சலுகை.

இப்போது நான் பத்திரம் டைப் செய்து பிழைக்கிறேன். கிரயம், தானம், பாகப்பிரிவினை. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பக்கம் ஓடும். எனக்குக் கம்ப்யூட்டர் என்றால் முதலில் கீபோர்டு, மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் தொங்கும் சாமான்.

2008-இல் பாண்டியில் செகண்ட் ஹாண்டாக ஒரு திங்க்பேட் டி42 வாங்கினேன். மூடியில் ஐ.பி.எம். என்ற மூன்றெழுத்து, கீபோர்டு நடுவில் ஜி, எச், பி எழுத்துகளுக்கு இடையே ஒரு சிவப்பு ரப்பர் குமிழ். விரலை லேசாக வைத்துத் தள்ளினால் திரையில் அம்பு நகரும். கையை ஹோம் ரோவிலிருந்து, அதாவது விரல்கள் தங்கும் நடு வரிசையிலிருந்து, எடுக்கவே வேண்டாம். அம்மா பார்த்துவிட்டு, "இதென்னடி, பொட்டு வச்சிருக்கு?" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பொட்டு வைத்த மெஷின்.

பொட்டுக்கு ஒரு கதை உண்டு. ஐ.பி.எம். கம்பெனியின் முதல் திங்க்பேட் வரிசை 1992 அக்டோபரில் வந்தது. கறுப்புப் பெட்டி வடிவம் ரிச்சர்ட் சாப்பர் என்ற ஜெர்மன் வடிவமைப்பாளருடையது. ஐ.பி.எம்.மில் சிவப்பு என்றால் ஆபத்து நேரத்தில் மின்சாரத்தை நிறுத்தும் பட்டனுக்கு மட்டும்தான், வேறு எதற்கும் அந்த நிறம் கூடாது என்று விதி. அதனால் வடிவமைப்புக்காரர்கள் "இது சிவப்பு இல்லை, மெஜந்தா" என்று காகிதத்தில் எழுதிச் சமாளித்தார்களாம். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் இருபது வருஷம் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த ஆட்களை நிரம்பப் பிடித்துப்போனது.

அந்த டி42-ஐ எனக்கு நெருக்கமாக்கியது 'தானே' புயல். 2011 டிசம்பர் 29 ராத்திரி. காற்று விசிலடிக்க ஆரம்பித்தபோதே கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்து எங்கள் சுவரில் மோதியது. தண்ணீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று, பார்ட்டிகளின் பத்திர ஃபைல்களைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பேட்டரி இருபது நிமிஷம் தாங்கும், அதனால் ஸ்கிரீன் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டேன். அப்பா உள்ளே இருந்து, "பிரஷர் மாத்திரை எங்கம்மா?" என்கிறார். மேஜை மேல் என் கையே தெரியவில்லை.

அந்தக் கால திங்க்பேட்களில் ஸ்கிரீனின் மேல் விளிம்பில் ஒரு குட்டி விளக்கு உண்டு. கீபோர்டு மேல் வெளிச்சம் அடிப்பதற்காக வைத்தது. அதை எரிய விட இடது கீழ் மூலையில் இருக்கும் எஃப்என் (Fn) கீ, வலது மேல் மூலையில் இருக்கும் பேஜ்அப், இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டும் எதிரெதிர் கோடிகள். கண்ணே தெரியாவிட்டாலும் மெஷினின் இரண்டு மூலைகளைத் தடவினால் போதும். டைப்பிஸ்ட்டுக்குக் கீபோர்டைப் பார்க்க விளக்கு எதற்கு? ஆனால் அன்றைக்கு அந்த வெளிச்சத்தில்தான் தீப்பெட்டியும் அப்பாவின் மாத்திரை அட்டையும் கிடைத்தன. விடிந்து வெளியே வந்து பார்த்தால் தெருவில் நின்ற வேப்பமரம் ஒன்றுகூட இல்லை.

எஃப்என் ஏன் மூலையில் இருக்கிறது, கன்ட்ரோல் ஏன் இரண்டாவதாகத் தள்ளிப்போயிருக்கிறது என்று பல பேர் திட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு எனக்குக் காரணம் புரிந்தது.

கம்பெனி அதற்கு முன்பே கைமாறிவிட்டிருந்தது. 2005-இல் ஐ.பி.எம். தன் பிசி வியாபாரத்தைச் சீனக் கம்பெனியான லெனோவோவுக்கு விற்றது. கடனையும் சேர்த்து ஏறக்குறைய 175 கோடி டாலர். ஐந்து வருஷம் ஐ.பி.எம். பெயரை மூடியில் போட்டுக்கொள்ள உரிமை இருந்தும், அவர்கள் அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். பத்திரக்காரியாக யோசித்தால் இது சுத்தமான கிரயம்தான். மனை கைமாறினால் பட்டாவில் பெயர் மாறும், ஓட்டுவீட்டை இடித்து மாடி கட்டுவார்கள், நான்கு எல்லையைச் சொல்லும் செக்குபந்தி மாறாது. அந்தக் கிரயத்தை நான் எழுதியிருந்தால் செக்குபந்தியில் போட்டிருப்பேன்: வடக்கே கறுப்பு மூடி, தெற்கே மூன்று கிளிக் பட்டன், நடுவில் சிவப்புப் பொட்டு.

உள்ளே என்ன இருக்கிறது என்பது திங்க்பேடுக்கு என்றைக்குமே பெரிய விஷயமாக இருந்ததில்லை. 1995-இலேயே பவர்பிசி சிப் வைத்த திங்க்பேட் வந்திருக்கிறது. பிறகு இன்டெல், ஏஎம்டி, 2022-இல் போன்களில் இருக்கும் ஸ்னாப்டிராகன் வகைச் சிப்கூட. பொட்டு எல்லாவற்றிலும் இருந்தது.

தங்கை மகனின் மேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் மோட்டோரோலா 68000 சிப்போடு வந்தது. 1994-இல் பவர்பிசி, 2006-இல் இன்டெல், 2020-இல் ஆப்பிளின் சொந்தச் சிப். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆட்கள் குடியிருக்கும்போதே அஸ்திவாரம் மாற்றுவார்களே, அப்படி மூன்று தடவை. கடைசி இரண்டு தடவையும் பழைய சாஃப்ட்வேரைப் புதுச் சிப்புக்குப் புரியவைக்க ரோசெட்டா என்று ஒரு மொழிபெயர்ப்பாளரையும் வாசலில் உட்கார வைத்தார்கள். குடியிருந்தவர்கள் பார்த்ததெல்லாம் திரையின் உச்சியில் அதே மெனு பட்டைதான், 1984-இல் இருந்த இடத்திலேயே. ஆன் செய்தால் வரும் மணிச்சத்தத்தை 2016-இல் எடுத்துப் பார்த்தார்கள், 2020-இல் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சிப்பை மாற்றியபோது கேட்காதவர்கள் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆப்பிளுக்கு விண்டோஸ் தேவையில்லை, சாஃப்ட்வேர் அவர்களுடையது. தன் அடையாளத்தை அதற்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். திங்க்பேடுக்கு அந்த வசதி கிடையாது. விண்டோஸும் ஊருக்குப் பொது, இன்டெலும் ஊருக்குப் பொது. சொந்தமாக மிஞ்சியது விரல் படும் இடம் ஒன்றுதான். அதனால்தான் ஒரு கீயை அரை இன்ச் நகர்த்தினாலும் நாங்கள் கொடி பிடிக்கிறோம்.

இரண்டுக்கும் மாறாக அமிகா என்று ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. 1985-இல் வந்தது, படத்துக்கும் சத்தத்துக்கும் தனித்தனிச் சிப்கள், அந்தச் சிப்களே அதன் அழகு. 1994-இல் அதைச் செய்த காமடோர் கம்பெனி திவாலானபின் அமிகா என்ற பெயர் எஸ்காம், கேட்வே என்ற கம்பெனிகளுக்குக் கை மாறிக்கொண்டே போனது. பெயர் போன இடத்துக்கெல்லாம் அழகு கூடப் போகவில்லை.

2012-இல் திங்க்பேட் கீபோர்டை ஏழு வரிசையிலிருந்து ஆறாகக் குறைத்தார்கள். நான் பிடிவாதமாக 2014-இல் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி, ஏழு வரிசை உள்ள பழைய எக்ஸ்220 வாங்கினேன். அது ஓய்ந்து டி480-க்கு வந்தபோது, வெட்கத்தோடு சொல்கிறேன், மூன்றே வாரத்தில் ஆறு வரிசை பழகிவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். "வரிசை போனா என்ன, ஹோம் ரோ இருக்குல்ல?" என்று முடித்துக்கொண்டார்.

பாண்டிக் கடைக்கு வருவோம். காமராஜர் சாலையில் ஏசி போட்ட கடை. புது திங்க்பேட் ஒன்றை எடுத்து வைத்தார்கள். எடை இல்லை, பொட்டு இருக்கிறது, சந்தோஷம். ஒரு வரி அடித்து, செலக்ட் செய்து, காப்பி எடுக்கப் போனேன். எதுவும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தால் மூலையில் கன்ட்ரோல், அதற்குப் பக்கத்தில் எஃப்என். இடம் மாற்றிவிட்டார்கள்.

"எல்லா லேப்டாப் மாதிரியும் ஆயிடுச்சு, நல்லதுதானே" என்றான் இவன். கடைப் பையன், "மேடம், செட்டிங்ஸ்ல போய்ப் பழையபடி மாத்திக்கலாம்" என்றான். இருவர் சொன்னதும் நியாயம்தான். விளக்கு எப்போதோ போய்விட்டது, எஃப்என் மூலையில் காவல் நிற்க இனி என்ன வேலை? ஆனால் என் சுண்டுவிரலுக்கு அது தெரியவில்லை. இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரேன் தம்பி" என்று எழுந்துவிட்டேன்.

மறுநாள் மஞ்சக்குப்பத்துத் தம்பியிடம் டி480-க்கு ஸ்கிரீன் மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். தேய்ந்து வழுவழுவென்றாகியிருந்த பொட்டையும் மாற்றச் சொன்னேன். மூன்று பொட்டு கொண்ட பாக்கெட்டாகத்தான் வந்தது. ஒன்று மெஷினில். மீதி இரண்டையும் அம்மா சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வீட்டில் எதுவும் தொலையாத இடம் அது ஒன்றுதானாம்.