மெத்தைகளுக்கு நடுவே ஓர் இசைத்தட்டு

நம் கல்லூரிக் கலைவிழாவில் திரை விலகுமுன், தந்தி சரிபார்க்கிற சாட்டில் கிற்றார்க்காரப் பெடியன் ஒருவன் அந்த ஒரே சங்கதியை ஒருதரம் வாசிக்காமல் விடமாட்டான். ஸ க ம, ஸ க ம ம. ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’ என்ற பாட்டின் பெயர் தெரியாதவர்களுக்கும் அது தெரியும். வாத்திமார், கிரிக்கெற், விடுதிச் சாப்பாடு பற்றி மற்றவர்கள் இந்த மலரில் எழுதட்டும். அந்தச் சங்கதி பிறந்தது நாம் இப்போது வாழும் சுவிஸ் நாட்டில். லவுசானிலிருந்து ரயிலேறினால் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அதனால் இங்கே அதைப் பற்றி.

அதை வாசித்த டீப் பேர்ப்பிள் என்ற பிரித்தானிய றொக் குழுவில் ஐந்து பேர்: பாட்டு இயன் கிலன், கிற்றார் றிச்சி பிளாக்மோர், ஓர்கன் ஜோன் லோர்ட், பேஸ் றோஜர் குளோவர், டிறம்ஸ் இயன் பெய்ஸ். 1971 டிசம்பர் தொடக்கத்தில் ‘மெஷின் ஹெட்’ என்ற இசைத்தட்டைப் பதிய அவர்கள் ஏரிக்கரை ஊரான மொன்த்ரோவுக்கு வந்தார்கள். வெளிநாட்டில் ஒலிப்பதிவு செய்தால் பிரித்தானிய வரியில் மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு ஒன்று. மேடையில் வருகிற முழக்கம் ஸ்ரூடியோவில் வருவதில்லை என்ற மனக்குறை மற்றது. ஏரிக்கரைக் கசினோ மண்டபம் குளிர்காலத்தில் வெறுமையாகக் கிடக்கும். அங்கே மேடையில் வாசிப்பதுபோல வாசித்துப் பதிவதுதான் ஏற்பாடு. பதிவுக் கருவிகளுக்கு றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் லொறியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். உள்ளே ஹீலியோஸ் மிக்ஸர் மேசையும், 16 ஒலிகளைத் தனித்தனித் தடங்களாகப் பதிகிற ரேப் மெஷினும். லெட் ஸெப்பெலின் தங்கள் நாலாவது இசைத்தட்டுக்கு இங்கிலாந்தின் நாட்டுப்புற வீடொன்றில் பாவித்ததும் இதே லொறிதான்.

டிசம்பர் 4ஆம் திகதி கசினோவில் பருவத்தின் கடைசிக் கச்சேரி, பிராங் ஸப்பா குழுவினுடையது. கூட்டத்தில் ஒருவர் சமிக்ஞைத் துப்பாக்கியை மேலே பார்த்துச் சுட, பிரம்பு வேய்ந்த கூரை பற்றிக்கொண்டது. மொன்த்ரோ ஜாஸ் விழாவைத் தொடக்கிய குளோட் நோப்ஸ் உள்ளே ஓடி ஆட்களை வெளியே இழுத்துவிட்டார். உயிர்ச்சேதம் இல்லை, கட்டடமும் ஸப்பாவின் வாத்தியங்களும் சாம்பல். ஏரியின் மேல் புகை படிந்து கிடந்ததைப் பேர்ப்பிள்காரர் ஹொட்டேல் யன்னலால் பார்த்தார்கள். சில நாள் கழித்துக் குளோவர் நித்திரையால் எழும்பும்போது வாயில் வந்த சொல்தான் ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’.

நோப்ஸ் பவிலியன் என்ற அரங்கை ஒழுங்கு செய்து கொடுத்தார். ஊர் நடுவில் இருக்கிற கட்டடம், இரவு நேரம், சத்தமோ காதைப் பிளக்கிற சத்தம். அயலவர் முறைப்பாடு செய்யப் பொலிஸ் வந்து கதவைத் தட்டியது. எடுத்துக்கொண்டிருந்த ரேக், அதாவது ஒரே மூச்சில் வாசித்துப் பதிவது, முடியும்வரை உதவியாளர்கள் உள்ளிருந்து கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்படித் தப்பியது ஒரேயொரு பின்னணித் தடம். பாட்டு வரி இல்லை, பெயரும் இல்லை.

கடைசியில் கிடைத்தது ஊர் எல்லையில், குளிர்காலத்துக்கு மூடிக் கிடந்த கிராண்ட் ஹொட்டேல். வரவேற்புக் கூடத்தை ஒட்டிய நடைபாதையில் வாத்தியங்களை அடுக்கினார்கள். பதிவு வேலை தெரிந்தவனுக்கு இது கெட்ட இடம். வெறுஞ்சுவரில் கிற்றார் சத்தம் பட்டுத் திரும்பி டிறம்ஸ் மைக்குக்குள் புகும். புகுந்துவிட்டால் கிற்றாரை மட்டும் திருத்தி வாசிக்க முடியாது. பழைய கிற்றாரின் ஆவி டிறம்ஸ் தடத்தில் இருந்துகொண்டே இருக்கும். அறைகளில் இருந்த மெத்தைகளை இழுத்துவந்து இடையிடையே தடுப்பாக நிறுத்தியது அதற்காகத்தான். மெத்தை உயர்ந்த சத்தங்களைத்தான் விழுங்கும்; பேஸின் அடித்தொனி அதைச் சட்டை செய்யாது. வெப்பமாக்கி இல்லாத கட்டடத்தில் தந்திகள் சுருதி நிற்காது என்பதால் பெரிய சூடாக்கி ஒன்றும் வாடகைக்கு வந்தது.

லொறி வெளியே நின்றது. மைக் வயர் எவ்வளவு நீண்டாலும் பெரிய பாதகமில்லை. கிற்றாரிலிருந்து அம்ப்ளிபயருக்குப் போகிற வயர் ஐந்தாறு மீற்றரைத் தாண்டினால் மேல்தொனி மங்கும். அதனால் அம்ப்கள் உள்ளே, ரேப் வெளியே. ஆனால் ஆட்கள் நடக்கவேண்டிய வழி பொல்லாதது. எடுத்ததைக் கேட்பதென்றால் அறைகளுக்குள் புகுந்து, பல்கனி தாண்டி, முற்றத்துப் பனிக்குள் இறங்கி லொறிக்குப் போகவேண்டும். சில நாளில் அலுத்துப்போய், ஒவ்வொரு ரேக்கையும் போய்க் கேட்பதை விட்டுவிட்டார்கள். லொறியிலிருந்த ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பேர்ச்சின் காதை நம்பி அடுத்ததுக்குப் போனார்கள். இந்த இசைத்தட்டின் வேகத்துக்கு அந்த அலுப்புத்தான் காரணம் என்பது என் எண்ணம். நல்ல ஸ்ரூடியோவில் கண்ணாடிக்கு அப்பால் ரேப் இருந்திருந்தால், அதிலுள்ள ‘ஹைவே ஸ்ரார்’ பாட்டைத் திருத்தித் திருத்தியே உயிரை எடுத்திருப்பார்கள்.

ஓர்கன் பற்றி ஒன்று. லோர்ட் வாசித்த ஹமண்ட் சி3 என்ற மின் ஓர்கனின் சுருதியைத் தீர்மானிப்பது மின்சாரத்தின் அதிர்வெண். இங்கிலாந்திலும் சுவிஸிலும் 50 ஹேர்ட்ஸ், ஆகவே தொல்லையில்லை. அதே வாத்தியத்தை அப்படியே அமெரிக்காவின் 60 ஹேர்ட்ஸில் செருகினால் சுருதி மூன்று அரைச் சுரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாக ஏறிவிடும், கிற்றாரோடு சேராது. லோர்ட் அந்த ஓர்கனைக் கிற்றார்க்காரரின் மார்ஷல் அம்ப்ளிபயருக்குள் விட்டுக் கரகரக்க வைத்தார். பாட்டின் தொடக்கத்தில் ஒரு பெரிய கிற்றார் என்று நாம் நினைப்பதில் பாதி ஓர்கன்.

இனிச் சங்கதிக்கு வருவோம். ஸட்ஜம் மேலைநாட்டு ஜி (G) சுரத்தில். காந்தாரம் சாதாரணம். ஸ க ம. பிறகு ஸ க, அடுத்தது பிரதி மத்திமம், உடனே சுத்த மத்திமத்துக்கு இறக்கம். திரும்ப ஸ க ம, க ஸ. இரண்டு மத்திமமும் அடுத்தடுத்து உரசுகிற அந்த இடத்தில்தான் ருசி. ஒவ்வொரு சுரத்துக்கும் நாலு சுரம் கீழே இன்னொன்று கூடவே ஒலிக்கும். ஸவுக்குக் கீழே மந்தர ப. கிற்றாரில் மூன்றாம், நாலாம் தந்திகளைச் சேர்த்து: திறந்த தந்தி, 3, 5; திறந்த, 3, 6, 5; திறந்த, 3, 5, 3, திறந்த. நம் பெடியள் விட்ட பிழை இரண்டு. ஸவைக் கீழேயும் பவை மேலேயும் வைத்து வாசிப்பது ஒன்று. சங்கதி கனத்துச் சேறாகிவிடும். பிக் என்ற சிறு தகட்டால் தந்தியை அடிப்பது மற்றது. ஒரு தந்தி முந்தி மற்றது பிந்தி ஒலிக்கும். பிளாக்மோர் விரல்களால் இரண்டு தந்தியையும் ஒரே நேரத்தில் கிள்ளினார். நாலாம் தந்திக்குப் பெருவிரல், மூன்றாவதுக்குச் சுட்டுவிரல் என்று வைத்துப் பாருங்கள், உடனே வித்தியாசம் தெரியும்.

பதிவு டிசம்பர் 6 முதல் 21 வரை. முடிவில் தட்டுக்குப் பாட்டு நேரம் போதவில்லை. அப்போதுதான் பவிலியனில் தப்பிய தடம் ஞாபகம் வந்து, தீப்பிடித்த கதையையே வரிகளாக எழுதிக் கிலன் பாடினார். ‘மெஷின் ஹெட்’ 1972 மார்ச்சில் ஏழு பாட்டுகளோடு வெளிவந்தது. தனித்தட்டாக விற்கக் குழு தேர்ந்தெடுத்தது ‘நெவர் பிபோர்’ என்ற பாட்டை. இன்று அதை யார் முணுமுணுக்கிறார்கள்? ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’ அமெரிக்காவில் தனித்தட்டாக வந்தது 1973இல்தான். நாலாம் இடம்வரை ஏறியது.

கசினோவைத் திரும்பக் கட்டி 1975இல் திறந்தார்கள். லொறியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மட்டும் நம் பழைய மாணவரின் கனடாக் கிளைக்காரரிடம் போகவேண்டும். அது கல்கரியில், தேசிய இசை மையத்தில் நிற்கிறது. திருத்தி வேலைசெய்யும் நிலையில் வைத்திருக்கிறார்கள்.