ஆடு ஏறாத சரிவு

எத்தியோப்பியாவின் திக்ராய் மலைகளில் வயலைக் காக்கிற வேலை, வயலுக்கு மேலே கிடக்கும் மொட்டைச் சரிவில்தான் தொடங்குகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிற மழை அங்கே தங்காது. கல்லையும் மண்ணையும் உருட்டிக்கொண்டு வந்து கீழே தெஃப் என்னும் சிறுதானியம் விளையும் வயலை அறுத்துவிடும். அதனால் ஆடு, மாடு, கோடாரி எதுவும் நுழையாதபடி சரிவை அடைக்கிறார்கள். 1991க்குப் பிறகு இது அங்கே பரவலானது.

பெரும்பாலும் முள்கம்பியெல்லாம் கிடையாது. ஒரு காவலாள், ஊர் கூடி வகுத்த 'செரித்' என்னும் கட்டுப்பாடு, மீறினால் அபராதம். காவலாளுக்குப் போகிற கூலி நின்றால் ஆடு உள்ளே வந்துவிடும்.

முதல் மழைக்கே புல் எழும். பிறகு புதர்கள். நம் ஊர் விராலியின் நெருங்கிய உறவு அங்கே முன்னணியில் நிற்கும். ஆடு அதைத் தொடாது. காட்டு ஒலிவத்துக்கு அவசரம் ஆகாது. வேறு புதரின் நிழல் கிடைத்தால்தான் அதன் கன்று வேர்பிடிக்கும். நிழலுக்கு முன்பே வெட்டவெளியில் நட்டால் கோடையில் காய்ந்துபோகும்.

புல் மட்டும் வந்துவிட்டால் போதாது, மழைத் தண்ணீர் அரித்த சரிவுக்குக் கல்வரப்பும் வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்த்துக் கோடு போட்டு, 30 செ.மீ. தோண்டி, பெரிய கல்லை அடியில் வைக்க வேண்டும். வரப்புக்கு வரப்பு 1 மீட்டர் இறக்கம் என்று வைத்தால் 10 சதவீதச் சரிவில் 10 மீட்டர் இடைவெளி, 20 சதவீதத்தில் 5 மீட்டர். கண்ணளவில் கோடு போட்டால் வரப்பு எங்கோ ஓரிடத்தில் தாழும். மழைத் தண்ணீர் முழுக்க அங்கே சேர்ந்து உடைத்துக்கொண்டு போகும். இல்லாத அரிப்பை நாமே உண்டாக்கியதாகிவிடும். ஓடையில் கட்டும் கல் தடுப்பில் பிழை நேர்மாறானது: மேல்விளிம்பைச் சமமாகக் கட்டினால் வெள்ளம் பக்கவாட்டில் கரையைக் குடையும். நடுவைத் தாழ்த்தி, இரு முனைகளையும் கரைக்குள் ஆழப் புதைத்து, தண்ணீர் விழும் இடத்தில் கல் பரப்பினால் நிற்கும்.

இதையெல்லாம்விடச் சிக்கலானது புல் பங்கீடு. விதை உதிர்ந்த பிறகு அறுத்துக் கட்டாகச் சுமந்துபோகலாம், மேய்க்கக் கூடாது. யாருக்கு எத்தனை கட்டு என்பதை அடைக்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும். மாடே இல்லாத வீட்டுக்கும் பங்கு உண்டா? விறகு பொறுக்கிய பெண்கள் இனி எங்கே போவார்கள்? பேசாமல் விட்டால் இரவில் புதர்மேல் கோடாரி விழும், மந்தை பக்கத்து ஊர்ச் சரிவுக்கு நகரும். அங்கே அரிப்பு கூடும், அந்த ஊர்க்காரர்கள் வழக்கோடு வருவார்கள்.