கறுப்புக் கொடியோடு வந்தவை

சரணடைவது என்றால் வெள்ளைக் கொடிதானே? 1945 மே மாதம் ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு நேச நாடுகள் போட்ட உத்தரவு வேறு: நீருக்கு மேலே வா, இருக்கும் இடத்தைச் சொல், கறுப்போ நீலமோ ஒரு கொடியை ஏற்று.

மே 14 அன்று வட அயர்லாந்தின் லிசஹாலியில் எட்டு நீர்மூழ்கிகள் முறைப்படி சரணடைந்தன. ஏற்றுக்கொண்டவர் பிரிட்டிஷ் அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன். முதல் உலகப் போரில் அவரே நீர்மூழ்கி ஓட்டி ஜெர்மன் கப்பல்களைக் கவிழ்த்தவர். பாம்பின் கால் பாம்பறியும் என்று சும்மாவா சொன்னார்கள்!

யு-977 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி சரணடைய மனமில்லாமல் அர்ஜென்டினா வரை போனது. போய்ச் சேர்ந்தது ஆகஸ்ட் 17.

அப்புறம், சரணடைந்த நீர்மூழ்கிகளில் 116-ஐ மூழ்கடிக்க அட்லாண்டிக்குக்கு இழுத்துப் போனார்கள். குளிர்காலக் கடல். ஏறக்குறைய பாதி, குறித்த இடத்தை எட்டும் முன்பே மூழ்கிவிட்டன.