முத்தோரைச் சரிவும் என் இரண்டாம் முயற்சியும்

போன வியாழக்கிழமை முடிவு வந்தது. ஆசிரியர்களுக்கான புவி, விண்வெளி அறிவியல் இணையவழிப் பயிற்சியில் தேறிவிட்டேன். முதல் முறை மூன்று மதிப்பெண்ணில் போனதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

காரணம் ஒன்றே ஒன்றுதான். வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்தேன். ஒரு நாளும் வானத்தை அண்ணாந்து பார்க்கவில்லை. அட்சரேகையும் துருவ நட்சத்திரமும் பற்றிய மூன்று கேள்வியும் தப்பு. இத்தனைக்கும் தினமும் ஊட்டிக்குப் பக்கத்து முத்தோரை தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறேன். அங்கே 1970-லிருந்து இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதை ஏன் சரிவில் கட்டினார்கள்? சரிவு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் அதன் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. அந்த ஒரு அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தபோது இது உறைத்தது. அன்றைக்கே அந்தப் பாடம் முழுக்கப் பிடிபட்டது.

ஆகவே நீங்களும் அளந்து பாருங்கள்: துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அதுதான் உங்கள் ஊரின் அட்சரேகை. கோணமானி, ஸ்ட்ரா, நூல், நூல் முனையில் ஒரு கூழாங்கல் போதும். ஜனவரி இரவில் வானம் துடைத்தாற்போல் இருக்கும். என் வீட்டு மாடியில் வடக்கே குன்று மறைத்தது. தேயிலைத் தோட்டத்து மேட்டில் ஏறித்தான் துருவ நட்சத்திரம் பார்த்தேன். 12 டிகிரி வந்தது, நம் அட்சரேகையை ஒட்டியே. குளிரில் விரல் விறைத்தாலும் அந்த எண் இனி மறக்காது.

மற்றவை:

- பருவகாலம்: பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. நமக்கு உறைபனியும் அப்போதுதான். "சூரியன் தூரமாப் போயிடுது டீச்சர்" என்று என் எட்டாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் குளிருக்குத் தப்பான காரணம் சொன்னார்கள். அதையே மாதிரிப் பாடத்தின் தொடக்கமாக எழுதினேன்.
- வளிமண்டலம்: கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். தேர்வு எழுதக் கோவைக்கு இறங்கும்போது மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றுவீர்களே, அதுதான்.
- பிறைகள்: பந்தும் டார்ச்சும் வைத்துச் செய்து காட்ட இருபது நிமிடம்.
- நிலச்சரிவு: தயவுசெய்து அவசரமாகத் தாண்டாதீர்கள். 2009 நவம்பரை நம் மலையில் யாரும் மறக்கவில்லை. தேர்வில் ஒரு கேள்வி வந்தாலும் வராவிட்டாலும், மண் எப்படி நீர் குடித்துக் கனத்துச் சரிகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும்.

கொடைக்கானல் ஆசிரியர்களே, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-ல் வானியலாளர் எவர்ஷெட் கண்டது உங்கள் ஊர் ஆய்வகத்தில்தான். சூரியன் பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள். உங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் எத்தனை டிகிரி வருகிறது என்று அளந்து எனக்கும் சொல்லுங்கள்.