91ஆம் வரியில் போட்ட சுழி

ஊஞ்சலுக்கு வரி கட்டச் சொல்லி மாநில விற்பனை வரித் துறையிலிருந்து கடிதம் வந்தபோது, யாரோ மோசடிக்காரன் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். வீடு வாங்கியவர்களுக்கு அரசாங்க முத்திரை மாதிரி ஏதோ ஒன்றை அச்சடித்து அனுப்பிப் பணம் கேட்கும் கடிதங்கள் இங்கே வாரம் ஒன்று வரும். அந்தக் கும்பலோடு சேர்த்து இதையும் ஃபிரிட்ஜ் மேல் போட்டுவைத்தேன். மூன்று வாரம் கழித்து என் மனைவிதான் எடுத்துப் படித்துவிட்டு, "இதில் நம் ஊஞ்சலின் விலை போட்டிருக்கிறது, பார்த்தீர்களா?" என்று கேட்டார். பதில் சொல்ல ஒன்பது நாள்தான் மீதி இருந்தது.

2023ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் வீடு வாங்கிய கையோடு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில் தேக்கு ஊஞ்சல் ஒன்றும், பித்தளைப் பூண் போட்ட பெட்டகம் ஒன்றும் வாங்கிக் கப்பலில் அனுப்பச் சொல்லியிருந்தோம். இரண்டும் சேர்ந்து 4,500 டாலர். மரச்சட்டம் அடித்துப் பொதிய 500, கப்பல் கூலி 1,100. ஓக்லாந்து துறைமுகத்தில் இறங்கிச் சுங்கம் தாண்டி வீட்டுக்கு வந்தது. மர அறைகலன்களுக்கு அப்போது இறக்குமதித் தீர்வை இல்லை. சின்னச் சின்னக் கட்டணங்களோடு முடிந்துவிட்டது. அரசாங்கத்துக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். தீர்ந்தது மத்திய அரசின் கணக்கு மட்டும். சுங்கத்தில் பதிவாகும் இறக்குமதி விவரங்கள் மாநிலத்துக்கும் போகும் என்பது எனக்குத் தெரியாது.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு யூஸ் டாக்ஸ் என்ற பெயராவது காதில் விழுந்திருக்கும். விற்பவர் விற்பனை வரி வசூலிக்காத பொருளை வெளி மாநிலத்திலோ வெளிநாட்டிலோ இணையத்திலோ வாங்கி இங்கே பயன்படுத்தினால், அதே விகிதத்தில் வாங்கியவரே கட்ட வேண்டும். 1933இல் விற்பனை வரி வந்தது. எல்லை தாண்டிப் போய் வாங்கி வருகிறவர்களைப் பிடிக்க 1935இல் இது வந்தது. ஆக, விற்பனை வரியே இல்லாத பக்கத்து மாநிலமான ஓரிகனுக்குப் போய் வாங்கி வருவது நம் ஆட்கள் கண்டுபிடித்த சாமர்த்தியம் இல்லை. அதற்குத் தொண்ணூறு வயது.

2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வேஃபேர் என்ற இணைய விற்பனை நிறுவனத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு, மாநிலத்துக்குள் கடையே இல்லாத பெரிய விற்பனையாளர்களையும் வரி வசூலிக்க வைக்க முடிகிறது. 2019 அக்டோபரிலிருந்து, பலருடைய சரக்கையும் விற்றுத்தரும் இணையச் சந்தைகளே கலிஃபோர்னிய வரியைப் பிடித்துக் கட்டுகின்றன. இதனால் அமேசானில் வாங்கும் பொருளுக்குப் பெரும்பாலும் வரி தானாகவே போய்விடுகிறது. நமக்கு இப்படி ஒரு கடமை இருப்பதே மறந்துபோகிறது. மிச்சம் இருப்பது சிறு விற்பனையாளர்கள், ஓரிகன் பயணங்கள், ஊரிலிருந்து வரும் பார்சல்கள். நான் மாட்டியது கடைசி வகையில்.

இனி தலைப்பில் சொன்ன அந்தச் சுழிக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, வருகிறேன். மாநில வருமான வரிக்கான 540 படிவத்தில் 91ஆவது வரி இதற்குத்தான். வெறுமையாக விடாதே என்று படிவமே சொல்கிறது. சுழி போட்டால் அதன் கீழே இரண்டு கட்டங்கள்: கட்ட வேண்டிய யூஸ் டாக்ஸ் எதுவும் இல்லை என்பது ஒன்று, நேரடியாகக் கட்டிவிட்டேன் என்பது மற்றொன்று. ஒன்றில் குறியிட வேண்டும். எனக்குப் படிவம் தயாரித்துத் தருகிறவர் ஆண்டுதோறும் சுழி போட்டு முதல் கட்டத்தில் குறியிட்டு வந்திருக்கிறார். ஒரு முறைகூட என்னைக் கேட்டதில்லை. கடிதத்தைக் காட்டியதும், "யாருமே அதை நிரப்புவதில்லை சார்" என்றார். சொல்லிவிட்டு அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதித் தர 250 டாலர் ஆகும் என்றார்! கையெழுத்து என்னுடையது, பொய் சொன்னால் தண்டனைக்குரியது என்ற வாசகத்துக்குக் கீழே போட்டது. தமிழில் வரி என்றால் கட்டுவதும் உண்டு, எழுதியிருப்பதும் உண்டு. நான் இரண்டிலும் சேர்ந்தே மாட்டினேன்.

250 டாலரை மிச்சப்படுத்தலாம் என்று நானே இறங்கினேன். முதல் நாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓக்லாந்து போனேன். வரிசையில் நின்று எண் வாங்கி உட்கார்ந்து, என் முறை வந்தபோது கடிதத்தை நீட்டினால், கவுன்டரில் இருந்தவர் தலைப்பைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் போயிருந்தது வருமான வரி அலுவலகம். யூஸ் டாக்ஸை வருமான வரிப் படிவத்தோடு வாங்கிக்கொள்வார்களே தவிர, அது அவர்களுடைய வரி இல்லை; விற்பனை வரித் துறை தனி. கடிதத்தின் தலையிலேயே தெளிவாக அச்சிட்டிருந்தது. பார்க் பண்ணியதற்கு 18 டாலர் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்தது நண்பர்களின் ஆலோசனை. "வெளிநாட்டுச் சாமானுக்கு 800 டாலர் வரை விலக்கு உண்டு, அதைக் கேள்" என்றார் ஒருவர். நகை வாங்கி வந்த அனுபவத்தில் சொன்னார். அவருக்கு அது உண்மைதான். நானும் 800 டாலரைக் கழித்துக்கொள்ளும்படி பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினேன். அந்த விலக்கு, வாங்கியவர் தம் கையோடு சுங்கம் வழியாகக் கொண்டுவரும் பொருளுக்கு மட்டும், அதுவும் 30 நாளைக்கு ஒரு முறை. தபாலிலோ கூரியரிலோ கப்பலிலோ வந்தால் ஒரு டாலர்கூடக் கழியாது. தி. நகரில் வாங்கிய வளையலைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால் உண்டு, அம்மா பின்னால் பார்சலில் அனுப்பினால் கிடையாது. ஊஞ்சலை நான் எந்தக் கையில் தூக்கி வருவது?

ஒரு வழியாக, கடிதத்தில் இருந்த எண்ணுக்கே தொலைபேசியில் பேசினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது. எடுத்த அம்மாள் பொறுமையாகப் பேசினார். அவரிடம் பேசியபோதுதான் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது. கடிதத்தில் பொருளின் மதிப்பு 6,100 டாலர் என்று இருந்தது. அதற்கு ஃப்ரீமாண்ட் விகிதமான 10.25 விழுக்காட்டைப் போட்டு 625 டாலர் 25 சென்ட் கேட்டிருந்தார்கள். பொருளின் விலை 4,500தானே? என் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தந்த முகவர் அலுவலகத்தில் யாரோ ஒருவர், கப்பல் கூலியையும் சேர்த்து மொத்தத் தொகையைப் பொருளின் மதிப்பாகத் தட்டி வைத்திருக்கிறார். தீர்வை இல்லாத சரக்கு என்பதால் அப்போது அந்தப் பிழை யாருக்கும் உறைக்கவில்லை. சரக்கு வந்த அன்று அந்தத் தாளை நான் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. அந்த அலுவலகத்துக்கு நான்கு முறை அழைத்தேன். பழைய கோப்பைத் தேடி எடுக்கக் கட்டணம் உண்டு என்று ஒரு முறை சொன்னார்கள். மற்ற மூன்று முறையும் இசை கேட்டேன்.

தொலைபேசியில் பேசிய அம்மாள் சொன்ன கணக்கு இது. பொது வண்டியிலோ கப்பலிலோ வரும் சரக்கின் போக்குவரத்துக் கூலி, வாங்கும்போதே தனியாகக் குறிக்கப்பட்டிருந்தால், அதற்கு வரி இல்லை. பொதிந்து கட்டும் செலவுக்கு உண்டு. அதாவது 1,100 டாலரைக் கழிக்கலாம், 500ஐக் கழிக்க முடியாது. ஆனால் தாளில் காட்ட வேண்டும்.

தாள் எங்கே இருக்கிறது? கடைக்காரர் கடைசியாக அனுப்பிய பில்லில் ஒரே வரி: ஊஞ்சல், பெட்டகம், பேக்கிங், கப்பல் கூலி சேர்த்து 6,100. கப்பல் நிறுவனத்தின் சரக்கு ரசீதை அனுப்பிப் பார்த்தேன்; கூலி முன்பே செலுத்தப்பட்டது என்று இருந்ததே ஒழிய, எவ்வளவு என்று இல்லை. காரைக்குடிக்கும் இங்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அவர் கடை திறக்கும் நேரத்துக்கு நான் தூங்கப் போக வேண்டும். இரண்டு இரவு விழித்திருந்து பிடித்தேன்.

"எல்லாம் சேர்த்துத்தானே தம்பி பேசினோம், இப்போது எதற்குப் பிரித்துக் கேட்கிறீர்கள்?" என்றார். ஊஞ்சல் விலையைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். "இல்லை அண்ணே, இங்கே வரிக்காரர்களுக்குக் காட்ட வேண்டும்" என்றதும் குரல் இன்னும் இறங்கிவிட்டது. வரி என்ற சொல்லைக் கேட்டால் எந்த ஊர் வியாபாரிக்கும் குரல் இறங்கும் போலிருக்கிறது. இரண்டு நாளில் பார்க்கிறேன் என்றார். பத்து நாள் ஆயிற்று. இதற்குள் நான் கெடுவை நீட்டித்து வாங்கியிருந்தேன். ஆவணம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று எழுதிக் கேட்டபோது கொடுத்தார்கள். கெடு முடியும் முன் கேட்டுவிட வேண்டும்.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது வாட்ஸாப். பேரம் பேசிக்கொண்டிருந்த நாளில் கடைக்காரரின் மகன் ஒரு விலைப்புள்ளியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். கோடு போட்ட தாள், நீல மை, கடையின் ரப்பர் முத்திரை: ஊஞ்சலும் பெட்டகமும் 4,500, பேக்கிங் 500, கப்பல் கூலி 1,100, தேதியோடு. மகளின் பிறந்த நாள் படங்களுக்கும் சாம்பார் பொடி பற்றிய உரையாடலுக்கும் நடுவில் கிடந்தது. அதையும், கடைக்காரர் பத்தாம் நாள் அனுப்பிய கப்பல் முகவரின் பில்லையும் சேர்த்து, ஆங்கிலத்தில் ஒரு பக்க விளக்கத்தோடு அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். வரிக்குரிய மதிப்பு 5,000, வரி 512 டாலர் 50 சென்ட். குறைந்தது 112 டாலர் 75 சென்ட்தான். இரண்டு இரவுத் தூக்கத்துக்கும் ஓக்லாந்து பயணத்துக்கும் ஈடாகாது என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அன்று சம்பளம் உயர்ந்தது மாதிரி இருந்தது.

ஊரில் கட்டிய ஜிஎஸ்டியையும் கழிக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. அமெரிக்காவின் வேறு மாநிலத்தில் விற்பனை வரி கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டலாம். வெளிநாட்டு வரிக்கு அந்தச் சலுகை இல்லை.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான் மடிக்கணினி நினைவுக்கு வந்தது. அதே 2023இல் ஓரிகனில் இருக்கும் போர்ட்லாந்து போனபோது, வரி இல்லை என்று மகிழ்ந்து 1,800 டாலருக்கு வாங்கியது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டுமா என்று வீட்டில் ஒரு மாலை முழுக்க விவாதம். ஊஞ்சலுக்காகத் திறந்த கோப்பில் இதை மறைத்துக் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, ஏற்கெனவே ஒரு முறை படிக்காமல் போட்ட கையெழுத்து இன்னும் எரிந்துகொண்டிருந்தது. 184 டாலர் 50 சென்ட். இரண்டும் சேர்த்து 697 டாலர்.

1,000 டாலருக்குக் குறைந்த சில்லறைச் சாமான்களுக்கு ஒவ்வொரு பில்லாகத் தேட வேண்டியதில்லை. வருமானத்துக்கு ஏற்ப இவ்வளவு என்று 540 படிவத்தின் விளக்கக் குறிப்பில் அட்டவணை இருக்கிறது. அந்தச் சிறு தொகையை 91ஆம் வரியில் போட்டால் முடிந்தது. 1,000 டாலரும் அதற்கு மேலும் ஆன பொருளைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். காருக்கு இந்த 91ஆம் வரி உதவாது, பதிவு செய்யும்போது வாகனப் பதிவுத் துறையான டிஎம்வியில் கட்டுவது. என் படிவக்காரர் இதில் ஒன்றையும் சொன்னதில்லை.

அபராதம் பத்து விழுக்காடு, 69 டாலர் 70 சென்ட். தகுந்த காரணம் இருந்தால் விலக்கு கேட்கலாம் என்று தெரிந்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கேட்டேன், அபராதத்தைத் தள்ளுபடி செய்தார்கள். வட்டியை விடவில்லை, நூறு டாலருக்குள் வந்தது. கிரெடிட் கார்டில் கட்டினால் தனிக் கட்டணம் பிடிப்பார்கள் என்பதால் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டினேன். பழைய பாக்கி இருக்கிறவர்கள், துறை தேடி வருவதற்கு முன் தாமாகப் போய்ச் சொன்னால், பின்னோக்கிப் பார்ப்பது மூன்று ஆண்டோடு நிற்கும், அபராதமும் போகும் என்று ஒரு திட்டம் இருக்கிறது. வரி அறிக்கையே கொடுக்காதவர்களை எட்டு ஆண்டு வரை பின்னால் போய்ப் பார்க்கலாம். கடிதம் வந்துவிட்டால் அந்தக் கதவு சாத்திவிடும். எனக்குச் சாத்திய பிறகுதான் அப்படி ஒரு கதவு இருந்ததே தெரிந்தது.

இந்த ஆண்டு படிவக்காரரை மாற்றிவிட்டேன். புதியவரும் திரையை வேகமாக உருட்டிக்கொண்டே வந்து 91ஆம் வரியில் சுழி போடப் போனார். "அங்கே நிறுத்துங்கள்" என்றேன். ஏதோ தவறு செய்துவிட்டவர் போல என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஊஞ்சல் இன்னும் கராஜில்தான் இருக்கிறது. மாட்டுவதற்கு உத்தரம் போட வேண்டுமாம். அதற்கு நகராட்சி அனுமதி வேண்டுமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை கடிதத் தலைப்பை முதலில் படிக்கிறேன்.