பகலில் கடிக்கிற கொசு

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். சுற்றிலும் லாட்ஜுகள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கொசுவர்த்தி கேட்டு வருவார்கள். கொசு என்றாலே ராத்திரித் தொல்லை என்று அவர்களுக்கு நினைப்பு.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. விடிந்த பிறகு சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்பும் அதிகமாகக் கடிக்கும். கோயிலுக்குப் போகிறவர்கள் வெறுங்காலோடு நடக்கிற நேரமும் அதுதான். அது தேடி வருவதும் கணுக்கால் பக்கம். அதனால், "காலையில் கிளம்பும்போதே தடவிக்கோங்க, முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபிறகு கொசு கிரீம்" என்று சொல்லித்தான் கொடுப்பேன். டீட் என்கிற கொசுவிரட்டி மருந்து கலந்த கிரீம் என்றால் 20 முதல் 30 சதவீதம் போதும். சதவீதம் கூடினால் கூடுதல் நேரம் தாங்கும், அவ்வளவுதான். குழந்தைகளுக்குக் கையில் தடவக் கூடாது, வாயில் வைத்துவிடும். இரண்டு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு வலை மட்டும்தான்.

ராத்திரிக்கும் வலை வேண்டும். மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் அப்போதுதான் கடிக்கும்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிற நம்ம பக்கத்துப் பையன்கள்தான். அங்கே பரவலாக இருப்பது பால்சிபாரம் என்கிற வகை மலேரியா. கவனிக்காவிட்டால் சில நாளில் உயிருக்கே ஆபத்து. குறுகிய காலத்துக்குப் போகிறவர்களுக்கு டாக்டர் தடுப்பு மாத்திரை எழுதிக் கொடுப்பார். டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பியபிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும். "அதான் வந்தாச்சே, இனி எதுக்குண்ணே?" என்பார்கள். கிருமி முதலில் கல்லீரலில் பதுங்கியிருந்துவிட்டு அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். இந்த மாத்திரை அதை அடிப்பது ரத்தத்தில்தான். பாதியில் நிறுத்தினால் அதுவரை சாப்பிட்டதும் வீண். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி தேவைப்படும் நாடு என்றால் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுவிட வேண்டும்.

"காய்ச்சலுக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்று யார் வந்து நின்றாலும், சமீபத்தில் எந்த ஊருக்குப் போனீர்கள் என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும், பாராசிட்டமால்தான் சரி. போய்வந்தது ஆப்பிரிக்கா என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட விடமாட்டேன். எந்த நாடு, என்றைக்குத் திரும்பினார் என்று மருந்து கவரின் மேலேயே எழுதி, டாக்டரிடம் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று சொல்லிப் பெரியாஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன்.